ழ வராத பூட்டு

சென்னை
12.3.1996

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் தஹ்சீனும் நலம். தாங்களும் மாமியும் நலமாக இருக்க துஆ செய்கிறோம். மாமியின் மூட்டு வலிக்குத் தஹ்சீன் சொன்ன தைலம் அங்கே கிடைத்ததா?

தாங்கள் கேட்டிருந்த தமிழ் எழுத்துகள் அடங்கிய பிளாப்பிகளைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். மருமகன் வேலை செய்யும் கம்பெனி என்பதால் சலுகை விலைக்கு மானேஜரிடம் அனுமதி வாங்கி வைத்திருந்தேன். அதற்குள் தாங்கள் முழு விலைக்கும் டிராப்ட் எடுத்து அனுப்பிவிட்டீர்கள். ரசீதும் பார்சலில் இருக்கிறது.

பிளாப்பிகளோடு தீப்பெட்டி அளவில் ஒரு பொருள் இருக்கும். அதுதான் பூட்டு. கம்ப்யூட்டரின் பின்பக்கம் பிரிண்டர் வயரைச் செருகும் இடத்தில் இதைச் செருக வேண்டும். இதன் முதுகில் பிரிண்டர் வயரைச் செருக வேண்டும். பிளாப்பியை யாரும் நகல் எடுத்துவிடலாம். பூட்டை எப்படி நகல் எடுப்பார்கள்?

அது மட்டுமில்லை. பூட்டு இல்லாமல் திருட்டுத்தனமாக அடிப்பவர்களை ஊர் நடுவில் காட்டிக்கொடுக்க உள்ளே இன்னொரு ஏற்பாடும் வைத்திருக்கிறோம். யோசனை என்னுடையது. முதலாளியே கூப்பிட்டுத் தோளைத் தட்டினார். அது என்ன என்பது கம்பெனி ரகசியம், மாமாவிடம்கூடச் சொல்லக் கூடாது. தாங்கள் யோக்கியமாக வாங்கியவர். தாங்கள் அதைப் பார்க்கவே போவதில்லை.

மாமிக்கு என் சலாம்.

தங்கள் மருமகன்,
சமீர்


திருவண்ணாமலை
2.4.1996

அன்புள்ள மாப்பிள்ளை சமீர் அவர்களுக்கு,

வ அலைக்குமுஸ் ஸலாம். உங்கள் கடிதமும் பார்சலும் சேதமில்லாமல் வந்தன. தைலமும் கிடைத்தது. உங்கள் மாமி அதைத் தேய்த்துக்கொண்டு என்னை வேலை வாங்குகிறாள். ஆகவே இருவரும் நலம்.

எழுத்துகள் அழகாக இருக்கின்றன. முக்கியமாக ழ. அதன் வால் எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டுமோ அங்கே முடிகிறது. நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். ஈய எழுத்துகளைக் கோத்துத்தான் தமிழ் படித்தேன், அதுவும் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாக. வீட்டில் பேசுவது உருது. ஆனாலும் கடை வைத்தபோது 'யாழ் அச்சகம்' என்று பெயர் வைத்தேன். எல்லோரும், "இன்னாத்துக்கு பாய் இந்தப் பேரு? யாஸ்மின் பிரஸ்னு வெச்சுட்டுப் போங்க" என்றார்கள். ழ சொல்ல வராத ஊரில் அந்த எழுத்தைப் பலகையில் எழுதித் தொங்கவிட வேண்டும் என்றே வைத்தேன். இந்தக் கடையிலிருந்து எழுத்துப் பிழையோடு ஒரு காகிதம் வெளியே போனதில்லை.

பூட்டைப் பற்றி ஒரு சொல். அது பின்னால் துருத்திக்கொண்டு நிற்பதால் மேசையைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டிருக்கிறேன். சந்தில் பேனா விழுந்தால் பேனா போனதுதான். உங்கள் மாமி அதைக் கம்ப்யூட்டருக்குக் கட்டிய தாயத்து என்கிறாள்.

எதிர்க்கடை ராமதாஸிடமும் இதே எழுத்துகள் இருக்கின்றன. செங்கம் ரோட்டுச் சாப்பாட்டுக் கடைகளின் மெனு கார்டெல்லாம் அதில்தான் அடிக்கிறார். யாரோ கொடுத்தார்களாம். பூட்டு கிடையாது. அவர் மேசை சுவரை ஒட்டியே இருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொன்னேன்.

பக்ரீத்துக்கு இருவரும் வந்துவிடுங்கள். தஹ்சீனுக்கு என் துஆ.

ஜியாவுல்லா


திருவண்ணாமலை
10.5.1996

அன்புள்ள மாப்பிள்ளை சமீர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பக்ரீத்துக்கு நீங்கள் வர முடியாமல் போனதில் வருத்தம்தான். வந்திருந்தால் நான் பட்டதைக் கண்ணால் பார்த்திருப்பீர்கள். உங்கள் மாமி நலம். எனக்கு ரத்தக் கொதிப்பு இருப்பதாக டாக்டர் சொல்கிறார். காரணம் அவருக்குத் தெரியாது. உங்களுக்கு எழுதுகிறேன்.

கீழ்பென்னாத்தூர் சக்கரவர்த்தி, அரிசி மண்டி வைத்திருப்பவர், மகளுக்குக் காதணி விழா வைத்து அழைப்பிதழ் அடிக்கக் கொடுத்தார். குழந்தையின் பெயர் எழில். ப்ரூஃப் அடித்துக் கொடுத்தேன். படித்துப் பார்த்து அவரும் கையெழுத்துப் போட்டார், நானும் போட்டேன். அந்தத் தாள் என் மேசையில் இருக்கிறது, அதில் ழ எல்லாம் ழ-வாகவே இருக்கிறது. பிறகு கவர்மேல் வரும் வாசகத்தையும் உள் தாளையும் அடுத்தடுத்து பிரிண்டருக்கு அனுப்பினேன். திரையில் எல்லாம் சரி. வந்ததை அப்படியே அச்சுக்கு ஏற்றினேன். ப்ரூஃப் பார்த்த விஷயத்தை யாராவது மறுபடி படிப்பார்களா?

மறுநாள் சக்கரவர்த்தியின் தாயார் சந்திரம்மாள் ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் அழைப்பிதழ்.

"இன்னா பாயி, எம் பேத்தி இன்னா எலியா?"

"ஏம்மா அப்படிக் கேக்கறீங்க?"

"நான் கேக்கல பாயி, ஊரே கேக்குது. எலில்னு போட்டுகீறீங்களே, புள்ளைய பொறியில வுட்டா புடிச்சோம்?"

வாங்கிப் பார்த்தேன். தலைப்பில் 'அலைப்பிதல்'. அதன் கீழே 'கீல்பென்னாத்தூர்', 'ஞாயிற்றுக்கிலமை', 'காதணி விலா', 'எங்கள் குலந்தை எலிலை வால்த்த வாரீர்'. மாப்பிள்ளை, ஒரு ழ கூட மிச்சமில்லை. எல்லாம் ல.

பழைய ஈய எழுத்தைக் கோத்து, பணம் வாங்காமல் வேறு அடித்துக் கொடுத்தேன். ஆனால் முதலில் அடித்ததில் பாதி ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதில் ஒன்று புலவர் கோதண்டராமன் கைக்கும் போனது. பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், தீந்தமிழ் மன்றத்தின் தலைவர். மன்றத்தின் ஆண்டு விழா மலரை இத்தனை காலமும் நான்தான் அடித்துவருகிறேன். கடைக்கு வந்து தோள்மேல் கை போட்டார்.

"ஜியாவுல்லா, உங்க மேல தப்பு இல்ல. தாய்மொழி உருது. நாக்குல எது இருக்கோ அதான கையில வரும்?"

நான் ழ-வைச் சரியாகச் சொல்வேன் மாப்பிள்ளை. அவரைவிடச் சரியாகச் சொல்வேன். அன்று சொல்லியும் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

எனக்குப் பணம் வேண்டாம், வேறு பிளாப்பியும் வேண்டாம். பிழை எழுத்தில்தான் இருந்தது, ஜியாவுல்லாவிடம் இல்லை என்று உங்கள் கம்பெனி காகிதத்தில் கையெழுத்தும் முத்திரையும் போட்டு ஒரு கடிதம் வேண்டும். அது போதும்.

ஜியாவுல்லா


சென்னை
28.5.1996

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்கவும். ஆபீஸில் வேலை ஜாஸ்தி. நாங்கள் நலம். தஹ்சீன் மாங்காய் ஊறுகாய் போட்டிருக்கிறாள், யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறோம். தாங்கள் உப்பைக் கொஞ்சம் கம்மி செய்துகொள்ளவும்.

அழைப்பிதழ் விஷயம் படித்து மிகவும் வருந்தினேன். பிரிண்டர் வயர் பழையதாக இருக்கலாம். அங்கே மின்சாரமும் ஏறி இறங்குகிறது. வெயிலும் அதிகம். இப்படிப் பல காரணங்கள் இருக்கலாம்.

இனிமேல் ஒரு தாள் முழுவதும் வெளியே வந்து பிரிண்டர் ஓய்ந்த பிறகு அடுத்த தாளை அனுப்பிப் பாருங்கள். சரியாக வரும் என்று நினைக்கிறேன்.

கடிதம் கேட்டிருக்கிறீர்கள். மானேஜர் ஊரில் இல்லை. வந்ததும் சமயம் பார்த்துப் பேசுகிறேன். சின்ன விஷயம்தானே, ஊர் மறந்துவிடும் மாமா.

சமீர்


திருவண்ணாமலை
4.6.1996

அன்புள்ள மாப்பிள்ளை சமீர் அவர்களுக்கு,

வ அலைக்குமுஸ் ஸலாம். ஊறுகாயும் உப்புதான், ஆனால் தஹ்சீன் போட்டது என்பதால் அனுப்பி வையுங்கள்.

ஊர் மறக்கவில்லை. பூக்கடைக்காரர் என்னைப் பார்த்தால் "வாலைப்பலம் இருக்குது, வேணுமா பாய்?" என்கிறார். வாயில் ழ வைத்தே பார்க்காத மனிதர் மாப்பிள்ளை அவர். அவருக்கு வாழையே இத்தனை காலம் வாயைதான்.

வயரை மாற்றினேன். மேசைவிசிறியைப் பிரிண்டர் பக்கம் திருப்பி வைத்தேன். உங்கள் மாமி ஆயத்துல் குர்ஸி ஓதி ஊதினாள். எதற்கும் அசையவில்லை. கடைசியில் நீங்கள் சொன்னபடி ஒவ்வொரு தாளாக அனுப்பினேன். ழ வந்தது! பிரிண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது அவசரப்பட்டு அடுத்த தாளை அனுப்பினால் அதில் மட்டும் ல. மெட்ராஸில் உட்கார்ந்தபடியே இதை எப்படி அவ்வளவு துல்லியமாகக் கண்டுபிடித்தீர்களோ! உங்கள் மாமியிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

ஆனாலும் மின்சாரம் இறங்கினால் ஒற்றைத் தாளிலும் ல வந்துவிடுகிறது. ஆகவே ஒரு தாளை அடிப்பதும், பூதக்கண்ணாடி வைத்து ழ தேடுவதுமாகப் பொழுது போகிறது. ராமதாஸ் எதிரில் மடமடவென்று அடித்துத் தள்ளுகிறார். அவரிடம் ஒரு ழ கூடத் தவறுவதில்லை.

மன்றத்தின் கூட்டம் ஆகஸ்டில். இந்த வருஷ மலரை ராமதாஸிடம் கொடுத்துவிடலாம் என்று பேச்சு நடக்கிறது. தமிழ் மன்றத்தின் மலர் என் கடையை விட்டுப் போனால், உருதுக்காரனுக்குத் தமிழ் வராது என்று ஊர் தீர்மானம் போட்டதாகத்தான் அர்த்தம். அதற்கு முன்னால் கடிதம் வர வேண்டும். உங்கள் மானேஜர் ஊரில் இல்லை என்பதால் கம்பெனிக்கு நானே நேராகவும் எழுதியிருக்கிறேன். உங்களுக்கு ஒரு வேலை மிச்சம்.

ஜியாவுல்லா


நெடுங்கணக்கு கம்ப்யூட்டர்ஸ்
வாடிக்கையாளர் பிரிவு, சென்னை
20.6.1996

ஐயா,

தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் குறிப்பிடும் ழகர மாற்றம் எங்கள் எழுத்துகளில் உள்ள குறைபாடு அன்று. முறையற்ற நகலைப் பயன்படுத்துவோர் அச்சிடும்போது மட்டும் தோன்றும்படி எங்கள் பொறியாளர் ஒருவரால் திட்டமிட்டு அமைக்கப்பட்டது. ஆகவே தாங்கள் பயன்படுத்துவது திருட்டு நகல் என்பது தங்கள் கடிதத்தாலேயே உறுதியாகிறது.

தாங்கள் உடனே ஒரு முறையான பிரதியை வாங்கி, நேர்மையான தொழிலுக்குத் திரும்புமாறு கேட்டுக்கொள்கிறோம்.

பொறுப்பாளர்


திருவண்ணாமலை
25.6.1996

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை சமீர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் நல்ல உடல்நலத்தையும் பதவி உயர்வையும் தருவானாக. என் உடல்நலம் இப்போது உங்கள் கம்பெனியின் கையில் இருக்கிறது.

அவர்கள் எழுதிய கடிதத்தின் நகலை இணைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் நகல். இதற்கும் ஏதாவது பூட்டு உண்டா என்று தெரியவில்லை.

மாப்பிள்ளையான உங்களைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். பெண்ணைக் கொடுத்தவன் சொல்லவும் கூடாது. ஆனால் உங்கள் கம்பெனியில் யாரோ ஒருவர் இருக்கிறார். அந்த யாரோ ஒருவரைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

அந்த யாரோ ஒருவர், திருடனைப் பிடிக்கக் கண்ணி வைத்தார். சரி. திருடன் என்ன செய்தான்? பூட்டையும் கண்ணியையும் சேர்த்துப் பிடுங்கி எறிந்துவிட்டு ராமதாஸிடம் கொடுத்துவிட்டான். ராமதாஸ் கடையில் கண்ணியே கிடையாது. கண்ணி இருப்பது, முழு விலை கொடுத்து, பூட்டைச் செருகி, மேசையை நகர்த்திப் போட்டுக்கொண்டவன் கடையில் மட்டும். அந்த யாரோ ஒருவர் வைத்த கண்ணியில் விழ இந்த ஜில்லாவிலேயே ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறான். அவன் ரசீது வைத்திருக்கிறான்.

தமிழில் இத்தனை எழுத்து இருக்க, அந்த யாரோ ஒருவர் ழ-வைத் தொட்டிருக்கிறார். க-வைத் தொட்டிருக்கலாம். ஙு-வைத் தொட்டிருந்தால் எவனுக்கும் தெரியாது. ழ-வை ல ஆக்கினால் அடித்தவன் ஊர் நடுவில் வெட்கப்படுவான் என்று கணக்குப் போட்டிருக்கிறார். சரியான கணக்கு. கெட்டிக்காரர். அந்த யாரோ ஒருவருக்குக் கல்யாணம் ஆகியிருந்தால் அவருடைய மாமனாரை நினைத்து நான் வருத்தப்படுகிறேன்.

நேர்மையான தொழிலுக்குத் திரும்ப வேண்டுமாம். எங்கே போயிருந்தேன், திரும்புவதற்கு?

கடிதம் வேண்டும். ஆகஸ்டுக்குள் வேண்டும். தஹ்சீனுக்கு என் துஆ. நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடவும்.

ஜியாவுல்லா


சென்னை
10.7.1996

அன்புள்ள அப்பாவுக்கு,

தஹ்சீன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். அம்மாவின் மூட்டு வலி எப்படி இருக்கிறது? உங்களுக்குக் கொதிப்பு குறைந்ததா?

உங்கள் கடிதத்தை இவர் முதலில் மனசுக்குள் படித்தார். அப்புறம் எனக்குப் படித்துக் காட்டினார். 'மாமனாரை நினைத்து' என்ற இடம் வந்ததும் தண்ணீர் கேட்டார். அப்பா, அந்த யாரோ ஒருவர் பதினைந்து நாளாக ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டு, "பூட்டு இருக்கான்னு கம்ப்யூட்டர் கேக்கறப்ப பிரிண்டர் பிசியா இருந்தா பூட்டு பதில் சொல்லாது, உடனே திருட்டு நகல்னு நினைச்சுக்கும்னு எனக்கு ஏன் தோணல?" என்கிறார். "உங்களுக்குத் தோணலன்னா எங்கப்பாவுக்கு என்ன? பேசாம சாப்பிடுங்க" என்றேன்.

மானேஜரிடம் இரண்டு முறை கேட்டுவிட்டார். தப்பை ஒப்புக்கொண்டு கடிதம் கொடுத்தால் வாங்கினவர்கள் எல்லாரும் வரிசையில் வந்து நிற்பார்கள் என்று மானேஜர் சத்தம் போட்டாராம். யார் வைத்த யோசனை இது என்று கேட்டாராம். இவர் நின்றுகொண்டே இருந்தாராம்.

ஊறுகாய் டப்பாவுக்கு அடியில் ஒரு பிளாப்பி வைத்திருக்கிறேன். அதைப் போட்டுக்கொண்டால் பூட்டே தேவையில்லை, ழ ஒழுங்காக வரும். யார் செய்து கொடுத்தது என்று கேட்காதீர்கள். ஆபீஸில் தெரிந்தால் வேலை போய்விடும். போட்டுக்கொண்டு பேசாமல் மலரை அடியுங்கள் அப்பா. எல்லோரும் நிம்மதியாகத் தூங்கலாம்.

உங்கள் மகள்,
தஹ்சீன்


திருவண்ணாமலை
16.7.1996

அன்பு மகள் தஹ்சீனுக்கு,

அப்பாவின் துஆ. ஊறுகாய் நன்றாக இருந்தது. டப்பாவைக் கழுவி, பிளாப்பியை அதே இடத்தில் வைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எண்ணெய் படாமல் பாலிதீனில் சுற்றியிருக்கிறேன், பார்த்துப் பிரி.

உன் அம்மா, "போட்டுத் தொலைங்களேன், மருமகனே குடுத்தது" என்றாள். நியாயமான பேச்சுதான். இரண்டு நாள் அந்தப் பிளாப்பியை மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆசை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒருமுறை கம்ப்யூட்டரின் வாய்வரை கொண்டுபோய்விட்டேன்.

ஆனால் மகளே, நான் திருடன் என்று அவர்கள் எழுதியிருக்கிறார்கள். இதைப் போட்டால் அது உண்மையாகிவிடும். முழு விலை கொடுத்து வாங்கியதை, திருட்டு வழியாகத்தான் நான் உபயோகிக்க வேண்டுமா? அப்படியென்றால் எதற்கு ரசீது? எதிர்க்கடைக்கும் என் கடைக்கும் என்ன வித்தியாசம்? பலகை மட்டும்தானா?

எனக்கு வேண்டியது கடிதம். கம்பெனியின் கடிதம். பிழை யாருடையது என்று அந்தக் காகிதம் சொல்ல வேண்டும். அது வராவிட்டால் மலர் போகட்டும். நான் கல்யாணப் பத்திரிகையை ஒவ்வொரு தாளாக அடித்து, பூதக்கண்ணாடியில் பார்த்துப் பிழைத்துக்கொள்கிறேன்.

அந்த யாரோ ஒருவரைச் சாப்பிடச் சொல். அவர் சாப்பிடாததால் ழ வந்துவிடாது. ரசத்தில் பூண்டு ஜாஸ்தி போட்டால் சிலருக்குப் பசி எடுக்கும்.

அப்பா


சென்னை
5.8.1996

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தாங்களும் மாமியும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். நாங்கள் நலம். ரசம் சாப்பிட்டேன்.

பிழையை ஒப்புக்கொள்ளும் கடிதத்தில் மானேஜர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். மூன்றாவது முறை கேட்டபோது, "வேண்டுமானால் பழைய வாடிக்கையாளர் என்று ஒரு வாழ்த்துக் கடிதம் தருகிறேன், அதோடு அவர் வாயை அடைத்துவிடு" என்றார். சரி என்றேன்.

அவர் வெளிமாநிலத்தில் படித்தவர். தமிழில் பேசுவார், படிக்க வராது. நான் அடித்ததை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னார். சொன்னேன். கையெழுத்துப் போட்டு முத்திரையும் வைத்தார்.

கடிதத்தை எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில், எங்கள் கம்பெனி எழுத்திலேயே, நானே அடித்தேன். அடிக்கும்போது அந்தக் கம்ப்யூட்டரின் பூட்டு என் சட்டைப் பையில் இருந்தது. இதற்குமேல் நான் எழுதக் கூடாது.

கடிதத்தைத் தயவுசெய்து கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கவும்.

சமீர்


நெடுங்கணக்கு கம்ப்யூட்டர்ஸ்
சென்னை
5.8.1996

யால் அச்சக உரிமையாளர் ஜியாவுல்லா அவர்களுக்கு,

தமிலுக்கும் தமில் எலுத்துக்கும் தாங்கள் ஆற்றிவரும் தொண்டை எங்கள் நிறுவனம் மனமார வால்த்துகிறது. பிலையின்றி அச்சிடுவதில் தங்கள் புகல் மேன்மேலும் வளர்க. தாங்கள் எங்கள் எலுத்துகளைத் தேர்ந்தெடுத்தது எங்களுக்கு மகில்ச்சி. வால்க தமில்!

மேலாளர்
(கையெழுத்து, முத்திரை)


திருவண்ணாமலை
19.8.1996

அன்புள்ள மாப்பிள்ளை சமீர் அவர்களுக்கு,

வ அலைக்குமுஸ் ஸலாம். நாங்கள் நலம். டாக்டர் நேற்று கொதிப்பு இறங்கியிருக்கிறது என்றார். காரணம் இதற்கும் அவருக்குத் தெரியாது.

கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 11-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மாலை மன்றத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். ராமதாஸும் மாதிரிக்கு ஒரு பக்கம் அடித்துக்கொண்டு வந்திருந்தார். ழ எல்லாம் அதில் முத்துமுத்தாக இருந்தது. நான் எழுந்து உங்கள் கம்பெனிக் கடிதத்தைப் புலவர் கையில் கொடுத்தேன். "எழுத்தைச் செஞ்ச கம்பெனி எனக்கு எழுதினது. சபையில படிச்சுடுங்க புலவரே" என்று மட்டும் சொன்னேன்.

புலவர் எழுந்து நின்று, கணீரென்று படித்தார். யாழ் அச்சக உரிமையாளர் என்றார். தமிழுக்கும் தமிழ் எழுத்துக்கும் என்றார். வாழ்த்துகிறது என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மனிதர் ஆயுள் முழுக்கப் பிள்ளைகளின் பரீட்சைப் பேப்பரைத் திருத்தியவர். ல என்று இருந்தால் அவர் கண்ணே ழ என்று திருத்திப் படித்துவிடுகிறது!

மன்றத்தின் பொருளாளர் சக்கரபாணி, வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவர், "நல்ல லெட்டர்தான் பாய். இதனால இன்னா ஆச்சு இப்ப?" என்றார்.

"புலவரே, உள்ளத உள்ளபடி படிங்க" என்றேன்.

"படிச்சேனே?"

"நீங்க படிச்சது உங்க மனசுல இருக்கறது. தாள்ல இருக்கறதப் படிங்க."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி தொடங்கினார். "யா..." என்று நின்றார். தாளைக் கிட்டே கொண்டுபோனார். "யால் அச்சக..." என்றார். சபையில் யாரோ இருமினார்கள். "தமிலுக்கும் தமில் எலுத்துக்கும்" என்று படிக்கும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. 'பிலையின்றி அச்சிடுவதில்' என்ற இடத்தில் சக்கரபாணி சிரித்தார். 'வால்க தமில்' வருவதற்குள் சபை முழுக்கச் சிரிப்பு. ராமதாஸ்தான் ரொம்ப சத்தமாகச் சிரித்தார்.

புலவர் சிரிக்கவில்லை. முத்திரையைத் தடவிப் பார்த்தார். "எழுத்த செஞ்சவனுக்கே ழ வரலியா?" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "அப்ப அந்தக் காதணி விழா..." என்றார்.

"அது என் நாக்கு இல்ல, புலவரே."

"ஒருதரம் சொல்லுங்க."

"எத?"

"ழ."

சொன்னேன். சபையில் எழுந்து நின்று, முழுசாக, நாக்கை மடித்துச் சொன்னேன். புலவர் உட்கார்ந்துவிட்டார். "மலர் பாய் கடைக்கே போவட்டும்" என்றார்.

ஒரு நிபந்தனை போட்டார். தினமும் வந்து பிரிண்டர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளையும் அவரே பார்ப்பாராம். வீட்டிலிருந்து நாற்காலியும் கொண்டுவந்துவிட்டார். உங்கள் மாமி போடும் டீயைக் குடித்துக்கொண்டு, வரும் ழ-வையெல்லாம் சத்தமாகச் சொல்லி வரவேற்கிறார். கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஒரு பூட்டு, முன்னால் ஒரு பூட்டு. அவர் வழக்கப்படி ல-வைக் கண்ணாலேயே திருத்திப் படித்துவிடுகிறார் என்பதால் அவர் பார்த்த தாளை நான் மறுபடி பார்க்கிறேன்.

முந்தாநாள் மின்சாரம் இறங்கி ஒரு பக்கம் முழுக்க ல ஆகிவிட்டது. இந்த முறை அவரே பிடித்துவிட்டார். தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "இன்னா அநியாயம் பாய் இது? காசு குடுத்தவன் கையக் கட்டிப்போட்டுட்டு! நான் சொல்றேன், நீங்க அடிங்க. அந்தக் கம்பெனிக்கு மன்றத்தின் பேர்ல ஒரு கண்டனம் போடுவோம்" என்றார்.

அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். நான்கு பக்கம். ஒவ்வொரு தாளாக அடித்ததால் ழ அத்தனையும் சரியாக இருக்கின்றன. புலவர் கையெழுத்தும் மன்றத்தின் முத்திரையும் போட்டு இத்துடன் இணைத்திருக்கிறேன். கண்ணி வைத்த பொறியாளரைப் பற்றி இரண்டாம் பக்கத்தில் கொஞ்சம் காரமாக இருக்கும். அது புலவரின் நடை. நான் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை, ஒரு சொல்லையும் எடுக்கவும் இல்லை.

உங்கள் மானேஜருக்குத் தமிழ் படிக்க வராது என்று எழுதியிருந்தீர்கள். ஆகவே அவர் முன்னால் நின்று இதைப் படித்துக் காட்ட வேண்டியவர் நீங்கள்தான். வேறு யாரோ ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டாம். நான்கு பக்கத்தையும், ஒரு ழ கூட விடாமல், சத்தமாகப் படியுங்கள் மாப்பிள்ளை. படித்து முடித்ததும் அவர் என்ன சொன்னார் என்று உடனே எழுதுங்கள். புலவர் இப்போதே தபால்காரரை வழிமறித்துக் கேட்கத் தொடங்கிவிட்டார்.

தஹ்சீனுக்கும் உங்களுக்கும் துஆவுடன்,
ஜியாவுல்லா